பாய்மரப் பலகைக்கு வேன் பார்த்த கதை

பழைய வேன் விற்கிற தொழிலில், வண்டி நன்றாக ஓடுமா என்று கேட்பவரைச் சமாளித்துவிடலாம். ஓட்டத்தைப் பற்றிக் கேட்காமல் வேறு எதையோ கேட்பவர்தான் நம்மைப் படுத்திவிடுவார். வாங்குபவரின் வீட்டுக் கவலைகளையும் சேர்த்துச் சுமந்து பழகிய புரோக்கர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

குழாயோடு வந்தவர்

பெரம்பலூரில் பைபாஸ் ஓரம் என் கடை. ஒருநாள் காலையில், தோளில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சாய்த்துக்கொண்டு ஒருத்தர் வந்தார். பிளம்பர் என்று நினைத்து, தண்ணித் தொட்டி பின்பக்கம் இருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, நின்றிருந்த வேன்களின் பின்கதவை ஒவ்வொன்றாகத் திறந்து, குழாயை உள்ளே விட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

பெயர் ஷாஜகான். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பல வருஷம் வேலை. அங்கே ஒரு பலகை மேல் பாயைக் கட்டி, நின்றுகொண்டே கடலில் போகிற விளையாட்டைக் கற்றுக்கொண்டு, பிறகு வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பலகை, பாய், கம்பம் எல்லாம் இப்போது அவர் வீட்டு ஹாலில் கிடந்தன. தோளில் கொண்டுவந்த குழாய், அந்தப் பலகையின் நீளத்துக்கு வெட்டிய அளவுகோல். ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் ஒருத்தர் வகுப்பு நடத்த இடம் தருகிறேன் என்றிருந்தார். சாமான்களைக் கொண்டுபோகத்தான் வேன். அமையாவிட்டால் திரும்ப துபாய். பழைய முதலாளி விசாவை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

கடலே இல்லாத ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தொழில் எதற்கு பாய் என்று கேட்டேன். குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"காத்து இருக்குற எடத்துக்கு நாமதாண்ணே போவணும். அது நம்ம வூட்டு வாசலுக்கா வரும்?"

மேலே கட்டிப் பார்த்தோம்

என்னிடம் இருந்த எதிலும் குழாய் அடங்கவில்லை. எனக்குத்தான் யோசனை உதித்தது: சின்ன வேனாக எடுத்து, பலகையைக் கூரை மேல் கட்டிவிட்டால் என்ன? அவர் அரைமனதாகச் சம்மதித்தார். வீட்டிலிருந்து பலகையைக் கொண்டுவந்ததும் கயிறு போட்டு நானே இறுக்கினேன்.

ஆடி மாசம். ஹைவேயில் ஏறியதும் கயிறு விர்ரென்று பாட ஆரம்பித்தது. ஒரு லாரி எங்களைத் தாண்டியபோது கூரையே கழன்று போகிற மாதிரி ஒரு சத்தம். ஓரம்கட்டுவதற்குள் போக்குவரத்து எஸ்.ஐ. கை காட்டிவிட்டார். பலகையைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, இது என்ன என்று விசாரித்தார். ஷாஜகான் பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எஸ்.ஐ. என்னைப் பார்த்தார்.

"அம்மியே பறக்குற மாசத்துல எறக்கையத் தலைமேல கட்டிக்கிட்டு வர்றீங்களே, இது கெளம்பிருச்சுன்னா நான் எந்த வண்டியில போயிப் புடிக்கிறது?"

அளவாக அமைந்த வண்டி

அரியலூரில் ஒரு வேன் விலைக்கு வந்தது. போய்ப் பார்த்தால் குழாய் உள்ளே போய், இன்னும் இடம் மிச்சம் இருந்தது. தரையைக் கழுவிவிடலாம், நல்ல இன்ஜின். ஒரே ஒரு சங்கதி, அது அமரர் ஊர்தியாக ஓடிய வண்டி. பெயின்ட் அடித்தால் யாருக்குத் தெரியும் என்று ஷாஜகானைத் தேற்றி, அவர் மனைவி சபியாவுக்குக் காட்ட அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் மரியாதை. டீக்கடையில் எழுந்து நின்றார்கள். பஸ்காரர் ஒதுங்கி எனக்கு வழிவிட்டது என் அனுபவத்தில் அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சபியா வெளியே வந்தார். குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்த ஷாஜகான் பின்கதவு வழியாக இறங்கினார். அதைப் பார்த்த சபியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"எங்க அண்ணன் துபாய்லேந்து மவுத்தாத்தான் வந்தாங்க. ஏர்போர்ட்லேந்து இந்த மாதிரி வண்டியிலதான் கொண்டாந்தாங்க. இவங்க துபாய்க்கும் போவ வேணாம், இந்த வண்டியும் வேணாம்ணே."

ரசம் கொட்டிய வேன்

அதற்கப்புறம் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டி கிடைக்காவிட்டால் ஒரு மனிதரை நானே விமானம் ஏற்றிவிட்ட மாதிரி ஆகிவிடும். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். கடைசியில் திருமானூரிலிருந்து பதில் வந்தது. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற ராணி அக்கா, பெரிய வண்டி வாங்கப் போவதால் பழைய வேனைக் கொடுக்கிறாராம்.

ஷாஜகான், சபியா, நான் மூன்று பேரும் போனோம். ஏறியதும் சாம்பார்ப் பொடி வாசனை. அண்டாக்கள் உட்கார உள்ளே முழுக்கத் தகடு அடித்திருந்தார். கழுவிய தண்ணீர் வடிய, பின்பக்கம் ஓட்டை. ஈரப் பாயும் பலகையும் வைக்க இதைவிட என்ன வேண்டும்? ஷாஜகான் குழாயை உள்ளே தள்ளினார். முன்சீட்டின் முதுகில் இடித்தது. கதவு சாத்தவில்லை. ராணி அக்காதான் வந்து, குழாயைக் கொஞ்சம் சாய்த்து இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே விட்டார். நீளக் கரண்டிகளை அப்படித்தான் வைப்பாராம்; பலகையையும் ஒருக்களித்து வைத்தால் அப்படியே போகும். கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது. ஓரமாக மடக்கு சீட்டில் சபியா உட்கார்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

ஷாஜகானுக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி. கடல் உப்பு தகட்டை அரித்துவிடாதா என்றார். ராணி அக்கா முந்தானையால் கையைத் துடைத்தார்.

"இதுல ரசம் கொட்டாத முகூர்த்தமே கெடையாது தம்பி. அத்தனை புளியத் தாங்குன தகடு, அப்பப்ப கழுவிவுட்டா உப்பையும் தாங்கும்."

கடலோரம்

முதல் பயணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டி வழியில் நின்றுவிட்டால் திட்ட ஆள் வேண்டும் என்றுதான் அழைத்தார்களோ என்னவோ. இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். எங்கேயும் நிற்கவில்லை.

ஷாஜகான் பாயைக் கட்டிப் பலகையில் ஏறினார். காற்று பிடித்ததும் ஆள் சின்னதாகிக்கொண்டே போனார். திடீரென்று பாய் சாய்ந்து தண்ணீரில் படுத்தது. ஆளைக் காணவில்லை. சபியா வேன் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். நானும் அதையேதான் பிடித்திருந்தேன். பிறகு பாய் மெதுவாக நிமிர்ந்தது. அதன் கீழே அவர். திரும்பிக் கரைக்கு வந்து, தலை துவட்டுவதற்கு முன்னாலேயே துபாய் முதலாளிக்குப் போன் போட்டு, இனிமேல் வரவில்லை என்று எங்கள் எதிரிலேயே சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார். போகிறாரே, பயமில்லையா தங்கச்சி என்றேன். சபியா கைப்பிடியை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"இது கண்ணுக்குத் தெரியிற தூரம்தானேண்ணே. போயிட்டு வரட்டும்."

அந்த நிம்மதியோடு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும், எல்லோரும் அலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அங்கே நின்ற வேன்களில் எது விலைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.