யான்டினாவின் வெள்ளைத்தூள் படகு

யான்டினா டீசல் புகையில் முப்பத்தோரு வருடம் படகு ஓட்டியவள். நெதர்லாந்தின் டெல்ஃப்சைல் துறைமுகத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்டவள் டீசலே இல்லாத படகை ஓட்ட ஒப்புக்கொண்டதும் எல்லோரும் கேலி செய்தார்கள். சோடியம் போரோஹைட்ரைடு என்ற வெள்ளைத்தூளில் தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும். அதில் மின்சாரம் எடுத்து மோட்டார் ஓடும். பார்வைக்கு என்னவோ துணி துவைக்கிற தூள்தான். இழுவைப் படகுக்காரன் ஹார்ம் எங்களைக் கண்டாலே, "என்ன யான்டினா, இன்னைக்குத் துவைச்சாச்சா?" என்பான். அவள் படகில் கயிறு பிடிக்கிற எனக்கே ரத்தம் கொதிக்கும். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

சோதனை ஓட்டத்தை ஜனவரியில் வைத்தார்கள். துறைமுகத்தைச் சுற்றி வந்து அதிகாரிகள் நிற்கும் கரையை யாரும் இழுக்காமல் தானாகவே தொட வேண்டும். தொட்டால் இன்னும் இரண்டு படகு கட்டுவார்கள். தொடாவிட்டால் இதையும் டீசலுக்கு மாற்றிவிடுவார்கள்.

பாதி வழியில் மோட்டார் தளர்ந்தது. வாயு வரவில்லை என்று திரை காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை. பொறியாளர் ரோல்ஃப் கையைப் பிசைந்தான். அதற்குள் ஹார்ம் கயிற்றோடு பக்கத்தில் வந்துவிட்டான். கயிற்றை வாங்கிக் கட்டிவிடலாம் என்றான் ரோல்ஃப்.

யான்டினா கையுறையைக் கழற்றிக் குழாய்களைத் தடவிக்கொண்டே போனாள். வாயு பிரிந்தபின் மிஞ்சும் உப்புக் கரைசல் வெளியேறும் குழாய், ஒரு வளைவில் ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"குளிருல உள்ள உப்பு கட்டிப் போச்சு. பழசு வெளிய போனாத்தான் புதுசு உள்ள வரும்," என்றாள்.

அப்போதுதான் இறக்கிய காப்பி நாலு பேருக்கு இருந்தது. எங்கள் ஊரில் பத்து மணிக் காப்பியில் கை வைத்தால் நட்பே முறியும். அவள் முழுவதையும் குழாய்மேல் ஊற்றி, தன் கம்பளித் தொப்பியை அதில் இறுக்கிச் சுற்றினாள். ஐந்து நிமிடம் அதைக் கையால் பொத்திப் பிடித்திருந்தாள். பிறகு திரையில் வாயுவின் எண் மெல்ல ஏறியது.

"ஹார்ம், கொஞ்சம் ஒதுங்கு," என்றாள். ஒதுங்கினான்.

கரையைத் தொட்டோம். நடந்ததை அறிக்கையில் எழுதிய ரோல்ஃப், "ஊழியர் ஒருவர் அடைப்பை நீக்கினார்" என்று போட்டான். யான்டினா எட்டிப் பார்த்தாள்.

"ஊழியருக்குப் பேரு இருக்கு தம்பி. அதை எழுது."

எழுதினான். இன்று மூன்று படகுகளின் கையேட்டிலும் அந்தக் குழாயைச் சூடாக வைக்கும் முறைக்கு அவள் பெயர்தான். எனக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. மூன்றாவது படகை ஓட்டுகிறவன் ஹார்ம். கையேட்டில் அவள் பெயருள்ள பக்கத்தைத் தப்பில்லாமல் சொன்ன பிறகுதான் யான்டினா அவனிடம் சாவியைக் கொடுத்தாள்.