புத்தர் கோயில் தூணுக்குள் ராஜாத்தி

ஹருகோவுக்கு நாலு வயது. அப்பா அம்மா இருவரும் ஜப்பான்காரர்கள். ஆனால் அந்தக் குழந்தை தூக்கத்தில் உளறியதெல்லாம் தமிழில். அதற்குக் காரணம் ராஜாத்தி.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கணவன் மூக்கனோடு டெல்லிக்கு வந்தவள் அவள். முதலில் இரண்டு பேருக்கும் கட்டட வேலைதான். வெளிநாட்டுத் தூதரகங்கள் இருக்கும் சாணக்யபுரியில் ஒரு பங்களாவுக்கு மாடி எடுத்தபோது ராஜாத்தி செங்கல் சுமந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை ஓயாமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் சும்மாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, போய்க் கதவைத் தட்டிக் கையை நீட்டினாள். அந்த வீட்டுக்கார ஓகாவா அம்மாள் என்ன நினைத்தாளோ, குழந்தையைக் கொடுத்துவிட்டாள். தோளில் போட்டு முதுகை நீவியதும் ஏப்பம் விட்டுத் தூங்கிப்போனது. அந்தக் குழந்தைதான் ஹருகோ. அடுத்த வாரத்திலிருந்து ராஜாத்திக்கு அங்கேயே ஆயா வேலை.

எழுபத்தொன்பதில் அந்தக் குடும்பம் விடுப்பில் ஊருக்குப் புறப்பட்டது. ராஜாத்தி இல்லாமல் வரமாட்டேன் என்று ஹருகோ சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளினாள். இரண்டு நாள் பார்த்துவிட்டு ஓகாவா அம்மாள் தனக்குத் தெரிந்த இந்தியில், "தும் பீ சலோ" என்றாள். நீயும் கிளம்பு!

மூக்கன் தடுத்துப் பார்த்தான். "ஏரோப்ளேன் கீழ விழுந்துட்டா என்னா புள்ள பண்ணுவே?"

"விழுந்தா அவங்களுந்தானே விழுவாங்க? அவங்களே பயப்படல, எனக்கென்னா?"

ஜப்பானில் அப்போது இலையெல்லாம் சிவக்கிற பருவம். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அம்பு மாதிரி பாயும் ரயிலில் போனார்கள். நடுவழியில் ஓகாவா அம்மாள் சட்டென்று ஜன்னலைக் காட்டினாள். வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மலை, உச்சியில் பனி. "ஃபூஜி!" என்று குதித்தாள் ஹருகோ. ராஜாத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். எதிரே இருந்த பெரியவர் அவளைப் பார்த்துவிட்டுத் தானும் எழுந்து மலைக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

கியோட்டோவில் குளக்கரையில் ஒரு பொன் மண்டபம் தகதகத்தது.

"நெசத் தங்கமா? யாரும் சொரண்டிட்டுப் போவ மாட்டாங்களா?" என்று கேட்டாள் ராஜாத்தி. ஹருகோ அதை ஜப்பானிய மொழியில் அம்மாவிடம் சொல்ல, ஓகாவா அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பொன்னைவிட ராஜாத்தியை மலைக்க வைத்தது அங்கே வந்திருந்த கூட்டம். வயல் வேலையில் காய்ப்பேறிய கைகளோடு பெண்கள், சோற்றுப் பொட்டலத்தைத் துணியில் முடிந்துகொண்டு, பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள்.

"இவங்கெல்லாம் எதுக்குக் கண்ணு வந்திருக்காங்க? வேண்டுதலா?"

"இல்ல. பாக்க."

"பாத்து?"

"பாத்துட்டு வீட்டுக்குப் போவாங்க," என்றாள் ஹருகோ, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

ராஜாத்தி வேலைக்குப் போவாள், கடைக்குப் போவாள், கல்யாணம் சாவுக்குப் போவாள். வெறுமனே பார்ப்பதற்காக எங்கேயும் போனதில்லை. அன்று முழுக்க அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்களுக்குள் கேலி பேசி, இடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

மறுநாள் நாரா. அங்கே தெருவிலேயே மான்கள். பிஸ்கட்டை நீட்டினால் தலை குனிந்து வணக்கம் சொல்லி வாங்கித் தின்றன. ஒன்று அவள் முந்தானையையும் சேர்த்து மெல்ல, "அடச்சீ, விடு! சின்னாளப்பட்டுடி!" என்று அவள் இழுத்த இழுப்பைப் பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது.

அங்கே பெரிய கோயிலில் மலைபோல் உட்கார்ந்திருந்தார் புத்தர். பின்பக்கத்தில் ஒரு மரத்தூண், அடியில் ஒரு துளை. அது புத்தரின் மூக்குத் துவாரத்தின் அளவாம். நுழைந்து மறுபக்கம் வந்தவர்களுக்கு ஞானம் கிடைக்குமாம். பிள்ளைகள் வரிசையாக நுழைந்தார்கள். ஹருகோவும் நுழைந்தாள். பாதி வழியில் என்ன தோன்றியதோ, அப்படியே நின்றுவிட்டாள். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் கூப்பிட்டும் நகரவில்லை. உள்ளிருந்து கோயில் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்:

"ராஜாத்தீ! பயமா இருக்கு!"

ராஜாத்தி யோசிக்கவே இல்லை. குப்புறப் படுத்துத் துளைக்குள் தலையை விட்டாள். "தோ வந்துட்டேன் தங்கம்! ஜல்தி ஜல்தி, முன்னால போ!" என்று பின்னாலிருந்து தள்ளினாள். குழந்தை வெளியே போய் விழுந்தது. ராஜாத்தியின் கொசுவம்தான் சுருண்டு, இடுப்பில் பந்தாக அடைத்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அவளுக்கோ சிரிப்பு. சிரிக்கச் சிரிக்க இன்னும் இறுகியது. நேற்றுப் பார்த்த மாதிரியே நாலைந்து நாட்டுப்புறத்துப் பெண்கள் ஓடிவந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து, "யொய்ஷோ! யொய்ஷோ!" என்று நம்மூர் ஐலசா மாதிரி குரல் கொடுத்து இழுத்தார்கள். கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல வெளியே வந்தாள் ராஜாத்தி. கோயிலே கைதட்டியது. அந்தப் பெண்கள் புத்தரை விட்டுவிட்டு அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

டெல்லிக்குத் திரும்பி அவள் இதைச் சொன்னபோது மூக்கன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சாமியோட மூக்குக்குள்ளயா பூந்துட்டு வந்தே? அப்ப அவரும் மூக்கந்தான்!"

அவள் சிரிப்போடு நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கெழம குதுப்மினாருக்குப் போலாங்க."

"அங்க என்னா வேல?"

"ஒரு வேலயும் இல்ல. அதுக்குத்தான்."

போனார்கள். அண்ணாந்து பார்த்து மூக்கனுக்குக் கழுத்து வலித்தது. திரும்பும்போது பஸ்ஸில், அடுத்த ஞாயிறு எங்கே என்று அவனே கேட்டான்.

செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை என்று நீண்டது. அவர்கள் இருந்த குடிசைப் பகுதியின் பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு பவுனு வந்தாள், ஆராயி வந்தாள். புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு எட்டுப் பத்துப் பேர் பஸ் ஏறுவது வழக்கமாகிவிட்டது. எல்லாரையும்விட அதிகம் கேலி செய்த பொன்னம்மாள் கடைசியாக ஒரு பனிக்காலத்து ஞாயிறில், படகு விடுகிற பழைய கோட்டைக் குளத்துக்கு வந்தாள். படகைத் தொடவே மாட்டேன் என்றவளை ராஜாத்தி கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். துடுப்பு கைக்கு வந்ததுதான் தாமதம், பொன்னம்மாள் கரைக்குத் திரும்பவே மறுத்துவிட்டாள்.

"பையா, டைம் ஆயிடுச்சுன்னா ஆவட்டும்! இன்னொரு சுத்து!" என்று குளத்தின் நடுவிலிருந்து அவள் கத்த, படகுக்காரன் விசில் ஊத, கரையில் உட்கார்ந்திருந்த ராஜாத்தியும் மற்றவர்களும் கையைத் தட்டிக் கூவினார்கள்.