சுவருக்கு வெளியே அப்பா

அப்பாவைப் புதைக்கும் இடம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அதை வைத்து ஒரு நாவலே எழுதியவள் ஆயிற்றே! பண்ணையில் அடிமையாய்க் கிடந்த எங்கள் பூட்டன், ஆலம்பரைக் கோட்டை இடிபாட்டில் ஒளிந்து தப்பி, கடப்பாக்கத்துப் பக்கம் ஓர் ஊரில் ஞானஸ்நானம் வாங்கினார் என்பது வீட்டில் சொல்லும் கதை. முடிவை நானாக வைத்தேன். பூட்டனையும், பின்னாளில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரான அதே பண்ணையாரையும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தேன். எழுதும்போது அழுகை வேறு.

அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். ஊருக்குப் போனால் சர்ச், அத்தை வீடு, அத்தோடு சரி. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அப்பா மட்டும் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். எங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். எங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்று நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

போன மாதம் அப்பா தவறிப்போனார். ஊரிலேயே அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். பூசை முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்து இரும்புக் கேட்டு திறந்தே இருந்தது. பெட்டி அதைத் தாண்டிப் போனது.

"உள்ளே போங்க, உள்ளே!" என்று கத்தினேன். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

மதில் சுவரைச் சுற்றிப் போனால் சவுக்குத் தோப்பு ஓரம் ஒரு மணல்மேடு. அங்கே குழி வெட்டி வைத்திருந்தார்கள்.

"என்ன அத்தை இது?"

"நம்ம எடம்தான். உள்ள கீறது அவங்களுது, பண்ணக்காரங்களுது," என்றாள் அத்தை. "ஒங்கப்பன் சொல்லலியா?"

சொல்லவில்லை. அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். பெட்டிக்குள் கிடக்கிற மனுஷன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த இளம் பாதிரியார் என் பக்கத்தில் வந்தார். "கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னது நான்தாம்மா. நீங்க சரின்னா உள்ளேயே அடக்கம் பண்ணலாம். தகராறு வந்தா நான் பாத்துக்கறேன்."

"உள்ளே எடுத்துட்டுப் போங்க!" என்றேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

அத்தை என் கையைப் பிடித்தாள். அழக்கூட இல்லை.

"உள்ள அவனுக்கு யாரு கீறா? எங்கம்மா இங்க கீது, நைனா இங்க கீறாரு. இவன மட்டும் அவங்க நடுவுல ஒண்டியா படுக்க வைக்கிறியா? நவம்பர்ல மெழுகுவத்திய எடுத்துகினு நாங்க யாரைக் கேட்டு உள்ள போறது?"

தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள். பாதிரியார் தலை குனிந்து நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கல் சிலுவைகளின் தலை தெரிந்தது.

"இங்கேயே இறக்குங்க" என்று சொன்னது நான்தான். இன்னும் என்னால் அதை நம்ப முடியவில்லை.