சாட்சிக்கு ஆள் இல்லாத மலை

துவக்கை ஒரு கையால் வாங்கித் தோளில் மாட்டிய அழகையா, அந்தப் படிவத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கும் உச்சி மலைக்கு அவர்தான் காவல். மரம் வெட்டித் திருடுகிறவர்களைத் தடுக்கக் காவல் கம்பனி ஒன்று அவரை அமர்த்தியிருந்தது. காலையில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார். மனைவி விஜயலெட்சுமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஏழு வருசம். மகள் தனுஜாவுக்குக் கட்டுநாயக்கவில் தையல் வேலை. மலையில் சில நாள் தன் பெயரைத் தானே கூப்பிட்டுப் பார்ப்பார், தொண்டை இன்னும் இருக்கிறதா என்று.

படிவம் இதுதான்: உயிரைக் காத்துக்கொள்ளச் சுட்டு, வழக்கு வந்தால், வாதாட லோயர் வைத்துத் தரும் காப்புறுதி. இரண்டு திட்டம். ஒன்றில் அடையாளம் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் வேலை இல்லை என்று கம்பனி மேற்பார்வையாளர் விஜேந்திரன் சொல்லிவிட்டார். எழுத்தெல்லாம் சிங்களமும் ஆங்கிலமும். அழகையா படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டு, மாடசாமி கோயில் பாறையில் ஏறி நின்றார். அங்கேதான் சிக்னல்.

"பாதி படத்துல ஒங்க வெரல்தான்பா இருக்கு."

"மிச்சத்த படி."

"மொதலாவதுல கம்பனியே லோயர் வைக்கும். ஆனா மேல உள்ளவங்க சுடச் சொல்லி சுட்டிருந்தாத்தான்."

"கத்திய ஓங்கிக்கிட்டு வாறவன நிக்கச் சொல்லிட்டு விஜேந்திரன் சேருக்கு போன் போடவா? சிக்னலுக்கு இந்தப் பாறைக்குல்ல வரணும். ரெண்டாவது?"

"அதுல லோயர நீங்களே பாத்துக்கலாம். உத்தரவு வேணாம். நடந்தத பாத்த சாட்சி ஒரு ஆள் வேணும்."

"அங்க யாரு இருக்கா. பன்னிதான் இருக்கு."

"பன்னி கையெழுத்து போடாதேப்பா."

இருவரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு சாட்சி என்ற சொல் மட்டும் அவரோடு மலையிலுள்ள காவல் குடிசைக்குத் திரும்பி வந்தது.

இரண்டு வருசத்துக்கு முன் அதே குடிசையில் காவல் இருந்தவர் சின்னராசா. மரம் திருட வந்தவன் கத்தியை ஓங்க, அவர் சுட்டார். அவன் தொடையில் பட்டது. வேண்டுமென்றே சுட்டார் என்று வழக்கு. மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் பொலிஸ் வந்தது. பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டது. சாட்சி என்று பேர் விழுந்தால் வழக்குத் தவணைக்கெல்லாம் கோட்டுக்கு அலைச்சல், வேலைநாள் நட்டம், மேலிடத்தின் பொல்லாப்பு. பெரட்டில் பொலிஸ் கேட்டால் தன் காலைப் பார்ப்பது தோட்டத்துப் பழக்கம். அழகையாவும் தன் காலையே பார்த்தார். முந்தின நாள் கீழ் மலையில் தேயிலை கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், அந்த ஓங்கிய கத்தியைப் பார்த்திருந்தார். மூன்றாம் மாதம், காலியாகிக் கிடந்த காவல் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை விஜேந்திரனிடம் கேட்டார். "சேர், மலைக்கு இன்னொரு ஆள் போட்டீங்கன்னா ரெண்டாவதுல போட்டுருவேன்."

"இன்னொரு ஆளுக்கு எங்கண்ணே போறது? மரம் வெட்ட வாறவனையே சாட்சிக்கு கூட்டிக்குங்க."

அன்று சாயந்தரம், இரண்டு வருசமாகத் தலை குனிந்தே கடந்துபோன லயத்துக் காம்பரா வீட்டின் முன்னால் அழகையா நின்றார். பிணையில் வந்திருந்த சின்னராசா அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கோப்பைதான் வெளியே இருந்தது.

"ஒனக்கும் படிவம் வந்திச்சாமே. எதுல கையெழுத்து போடுறதுன்னு கேக்க வந்தியா? எனக்கு கம்பனிதான் லோயர் வச்சிச்சு. சிங்களத்துல என்னமோ பேசினாரு. உத்தரவில்லாம சுட்டுட்டேன்னு சொன்னாராம், பெறகுதான் தெரியும். நான் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்."

"நான் பாத்தேன் சின்னராசா. அவன்தான் மொத ஓங்கினான்."

"தெரியும். நீ கவ்வாத்துக் கத்தியோட நிமிந்து நின்ன. நானும் ஒன்னய பாத்தேன்."

"ஏன் பொலிசுல எம்பேர சொல்லல?"

"நீயா வருவன்னு இருந்தேன். பெறகு என் வேலைக்கு நீ போனதும், சரி இனி வரமாட்டான்னு விட்டுட்டேன்."

அடுப்பு புகைந்தது. அழகையா கண்ணைத் துடைக்க அது வசதியாக இருந்தது.

"கேசு எப்ப?"

"திங்கக்கெழமை. இப்ப எனக்கு வேற லோயர்."

வெள்ளிக்கிழமை அழகையா துவக்கோடு படிவத்தையும் விஜேந்திரனிடம் நீட்டினார். இரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தன.

"என்னண்ணே, ரெண்டும் புடிக்கலயா?"

"நானே ஒருத்தருக்கு சாட்சி சேர். மொதல்ல அத சொல்லிட்டு வாறேன்."

யாருக்கு என்று அறிந்ததும் விஜேந்திரனின் முகம் மாறியது. "அப்பிடின்னா திரும்பி வரவேண்டாம்," என்றார்.

திங்கள் காலை பதுளை பஸ்ஸில் சின்னராசா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டார். அழகையா பின் இருக்கைக்குப் போனார். வளைவுக்கு வளைவு, கோட்டில் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "கத்திய அவன்தான் மொத ஓங்கினான். கத்திய அவன்தான்..."

சின்னராசா திரும்பவில்லை. வெளியே பார்த்தபடியே சொன்னார்:

"கொஞ்சம் சத்தமா சொல்லு. அங்க கேக்காது."