தலைநகர் டொடோமா

பொலிவியா என்ற நாட்டுக்குக் கடல் கிடையாது என்பது எனக்கு இருபத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. ஒரகடத்தில் ஒரு பேக்கிங் மேசைக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருக்க, நாலு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது.

வண்டிகளுக்கு பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. நான் சரக்கு அனுப்பும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. பெட்டிமேல் ஒட்டிய லேபிளும் என் கையிலிருக்கும் தாளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். என் வேலை அவ்வளவுதான். அன்றைக்கு வந்த பன்னிரண்டு பெட்டிகளில் சேருமிடம் பொலிவியா என்றும், இறக்கும் துறைமுகம் அரிகா, சிலி என்றும் அச்சாகியிருந்தது. சேர வேண்டியது ஒரு நாடு, இறக்குவது இன்னொரு நாடு. பன்னிரண்டுக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. ஏற்றுமதி அலுவலர் வேகமாக வந்தார்.

"அந்த நாட்டுக்குக் கடலே கிடையாதும்மா. பக்கத்து நாட்டுல எறக்கி, ரோட்டு வழியா கொண்டு போவாங்க. நீ மேப்பே பாத்ததில்லையா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கெட்டவர் இல்லை, அவசரத்தில் சொன்னார். ஆனால் எனக்குக் காது சுட்டது. நான் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. பள்ளிக்கூடத்தில் உலகப் படம் சுவரில் தொங்கியது. அதைத் தொட்டுக் காட்டி யாரும் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லை. ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்ததும், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து பொலிவியா என்று தேடினேன். நூறு வருஷத்துக்கும் முன்னால் சிலியோடு நடந்த போரில் அந்த நாடு தன் கடற்கரையை இழந்திருக்கிறது. ஆனாலும் இன்றைக்கும் கடற்படை வைத்திருக்கிறது. ஏரியிலும் ஆறுகளிலும் அந்தப் படையின் படகுகள் ஓடுகின்றன. இதை மூன்று முறை படித்தேன். கடல் போன பிறகும் கடற்படையைக் கலைக்காத ஒரு ஜனம். அவர்களுக்குப் போகிற பெட்டியைத்தான் நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

பக்கத்து சீட்டில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். மணிமங்கலத்துக்காரி. என் வயதுதான். பிரேக் லைனில் பாகங்களைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பது அவள் வேலை. விரிசல் விட்ட பட்டையை ஒரு நொடியில் பிடித்துவிடுவாள் என்று பெயர். நான் படப்பையில் நாலு பெண்களோடு ஒரு வாடகை அறையில் இருந்தேன். அதனால் இருவருக்கும் ஒரே பஸ். அதுவரை சிரிப்பதோடு சரி.

"இன்னாடி அவ்ளோ நேரமா அதியே பாத்துக்கினு கீற?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நான் ஒண்ணு கேக்கறேன். சிமிர்னான்னு ஒரு ஊரு. இப்ப எங்க கீது, சொல்லு" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாதாம். அவர்கள் குடும்பம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளி வினாடிவினாவில் கலந்துகொண்டு, வட்டார அளவில் பரிசு வாங்கியவள். எபேசு, கொரிந்து, அந்தியோகியா என்று நூறு ஊர்ப் பெயர்கள் அவள் நாக்கில் இருந்தன. அவை இன்றைய படத்தில் எங்கே இருக்கின்றன என்று மட்டும் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. என் போனில் தேடினோம். சிமிர்னாவின் இன்றைய பெயர் இஸ்மிர், துருக்கி நாடு.

"ஏட்டி, இந்த ஊருக்கு நேத்துதான் பெட்டி அனுப்பினேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெய்யாலுமா? அந்த ஊரு இன்னும் கீதா?"

அதன் பிறகு எங்கள் பஸ் பயணம் வேறாகிவிட்டது. ஷிப்டில் பார்த்த லேபிள்களில் ஐந்து ஊர்களை நான் மனதில் ஏற்றிக்கொண்டு வருவேன். அவள் தனக்குத் தெரிந்த பழைய பெயர்களைக் கொண்டுவருவாள். ஒரகடம் கூட்டுச்சாலை தாண்டும் வரை போனைத் தொடக்கூடாது, யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். பெல்ஜியத்தில் மூன்று ஆட்சிமொழிகள். பிரேசிலில் பேசுவது போர்த்துக்கீசு. போலந்தின் கிடான்ஸ்க் துறைமுகத்துக்கு முன்பு வேறு பெயர். பின் சீட்டில் உட்காரும் பெண்கள் முதலில் எரிச்சல்பட்டார்கள். பிறகு அவர்களும் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் நானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை என்பதால் இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. என் லேபிளில் வரும் பெரிய துறைமுக ஊர்கள் பலவும் தலைநகரங்கள் இல்லை. நைஜீரியாவுக்கு லாகோஸில் இறங்கும், தலைநகரம் அபுஜா. ஐவரி கோஸ்டுக்கு அபிஜானில் இறங்கும், தலைநகரம் யாமுசூக்ரோ. பிரேசிலுக்கு சான்டோஸ், தலைநகரம் உள்ளே தள்ளி பிரேசிலியா. கப்பல் வந்து நிற்கும் ஊர் ஒன்று, ஆட்சி நடக்கும் ஊர் வேறொன்று. அந்தப் பட்டியலை ஒரு பழைய ஷிப்ட் அட்டவணையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

அந்த வருஷம் 'குவாலிட்டி மன்த்' என்கிற தர மாதம் வந்தது. தொழிற்சாலைகளில் வருஷத்துக்கு ஒருமுறை கோஷம் எழுதுவது, படம் வரைவது, உறுதிமொழி எடுப்பது என்று நடத்துவார்கள். கூடவே ஒரு பொது அறிவு வினாடிவினா. இருவர் ஓர் அணி. நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. நான் போய் என் சூப்பர்வைசரிடம் பெயர் கொடுத்தேன்.

"அது ஸ்டாஃபுக்கும்மா. நீங்க கோலப்போட்டியில சேருங்க" என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. மறுநாள் டீ இடைவேளையில் என்னை இழுத்துக்கொண்டு நோட்டீஸ் பலகைக்குப் போனாள். ஆங்கில வரியில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஆல் எம்ப்ளாயீஸ்னு போட்டுக்கீறாங்க. ஆல்னா இன்னா அர்த்தம்? நாம எம்ப்ளாயீ இல்லியா?" என்றாள். அங்கிருந்து நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போனோம். அங்கிருந்த மேடத்திடம் அதே கேள்வியை இன்னும் மரியாதையாகக் கேட்டாள். மேடம் கொஞ்சம் தயங்கிவிட்டு, எங்கள் பெயரை எழுதிக்கொண்டார். மொத்தம் இருபத்தாறு அணிகள். தொழிலாளிகளில் போனது நாங்கள் மட்டும்.

முதல் சுற்று எழுத்துத் தேர்வு. கேள்விகளெல்லாம் ஆங்கிலத்தில். பாதிக் கேள்விகளுக்கு விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுத்து சரியாக வராமல் திணறினோம். அவள் கையை உயர்த்தி, "மேடம், பதில தமிழ்ல எழுதலாமா?" என்றாள். அறையில் யாரோ கனைத்தார்கள். மேடம் எழுதலாம் என்றார். அதற்குப் பிறகு எங்கள் பேனா நிற்கவில்லை. இறுதிச் சுற்றுக்கு நாலு அணிகள் வந்தன, அதில் ஒன்று நாங்கள்.

இறுதிச் சுற்று கேன்டீனில் நடந்தது. சாப்பாட்டு மேசைகளைத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எங்களுக்கு எதிரே டிசைன் பிரிவு எஞ்சினியர்கள் இருவர். முந்தைய இரண்டு வருஷமும் ஜெயித்தவர்கள். நடுவர் பிளான்ட் ஹெட். ஹெச்.ஆர். மேடம் அட்டைகளைப் பார்த்துக் கேள்வி கேட்டார். நாங்கள் கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு கேள்வியையும் தமிழிலும் ஒருமுறை சொன்னார். முதல் ஷிப்ட் முடித்த எங்கள் பெண்கள் முப்பது பேர், மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னால் நின்றார்கள். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்று வரை எஞ்சினியர்கள் ஐந்து மதிப்பெண் முன்னால் இருந்தார்கள். அப்போது எங்களுக்கான கேள்வி வந்தது. தான்சானியா நாட்டின் தலைநகரம் எது?

"டொடோமா" என்றேன்.

மேடம் அட்டையைப் பார்த்தார். "இல்லம்மா. டார் எஸ் சலாம்" என்றார். அடுத்த அணிப் பக்கம் திரும்பிவிட்டார்.

என் பட்டியலில் நாலாவது வரி அது. தோழி என் முழங்கையைத் தட்டி, "உனக்குத் தெரியும்ல? எழுந்து சொல்லு" என்றாள். எழுந்தேன்.

"மேடம், அது துறைமுகம். தலைநகரம் இல்ல. தலைநகரம் டொடோமாதான்."

பிளான்ட் ஹெட் என்னைப் பார்த்தார். "கார்டுல அப்படித்தான் இருக்கு. உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். மாசம் ரெண்டு தடவ அந்தத் துறைமுகத்துக்குப் போற பெட்டிய நான்தான் பாக்கேன். கார்டு தப்பு சார்."

"நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"எங்க மார்க்கக் கொறைச்சுக்கோங்க சார்."

அவர் போனை எடுத்தார். பரிமாறுகிற அக்காக்கள் கரண்டியோடு ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அந்த அரை நிமிடத்தில் என் மனதில் பயம் இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் எழும்போதுதான் இருந்தது. சொல்லி முடித்த பிறகு இல்லை. தினமும் லேபிளையும் தாளையும் ஒத்துப் பார்க்கிறவள் நான். ஒத்துப்போகாததை ஒத்துப்போகவில்லை என்று சொன்னேன். வேறென்ன.

"டொடோமா" என்றார் அவர், போனிலிருந்து தலையைத் தூக்கி. "அவங்க சொன்னதுதான் சரி. மார்க் கொடுங்க." பிறகு எங்களைப் பார்த்து, "எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டார்.

பின்னாலிருந்து வந்த கைதட்டல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. எதிரே இருந்த எஞ்சினியர்களில் ஒருவரும் தட்டினார். அதை நான் மறக்கவில்லை.

கடைசிச் சுற்றில் எஞ்சினியர்களும் நாங்களும் சமமாக இருந்தோம். முதலில் மணியை அழுத்துகிறவர் பதில் சொல்லலாம். மத்தியதரைக் கடலில் வலெட்டாவைத் தலைநகராகக் கொண்ட சின்னத் தீவு நாடு எது என்று மேடம் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மணியை அடித்துவிட்டாள்.

"மால்டா" என்றாள். உட்கார்ந்த பிறகு என் காதில், "கப்பல் ஒடைஞ்சு ஒரு அப்போஸ்தலர் கரையேறுன தீவுடி. பழைய பேரு மெலித்தா. ஏழாங் கிளாஸ்லியே எனுக்கு அதுல பிரைஸ்" என்றாள்.

ஜெயித்தோம். பரிசு ஆளுக்கொரு சக்கரம் வைத்த பயணப் பெட்டி. பஸ்ஸின் நடுப்பாதையில் அந்த இரண்டு பெட்டிகளையும் நிறுத்தி, வழி நெடுக எங்கள் பெண்கள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்கள். டிரைவர் அண்ணன்கூட ஒன்று கேட்டார். அதற்கு எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மறுநாள் சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னத மனசுல வெச்சுக்காதம்மா" என்றார்.

"இல்ல சார். அடுத்த வருசம் நோட்டீச தமிழ்லயும் போடச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னாரோ, மேடமே செய்தாரோ, தெரியாது. அடுத்த வருஷம் நோட்டீஸ் இரண்டு மொழியில் வந்தது. தொழிலாளிகளிலிருந்து மட்டும் பதினான்கு அணிகள். ஓர் அணியில் இருவரும் ஒரே பிரிவாக இருக்க வேண்டும் என்று விதி மாறியிருந்ததால் நாங்கள் பிரிய வேண்டியதாயிற்று. சரக்குப் பிரிவுக்கு நான், என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஓர் அண்ணன். பிரேக் லைனுக்கு அவள், அவளோடு திண்டுக்கல் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண். அந்த ஒரு மாதம் பஸ்ஸில் அவள் என்னோடு ஊர்ப் பெயர் பேசவில்லை. ரகசியமாம். ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

இறுதிச் சுற்றில் எங்கள் இரண்டு அணிகளும் எதிரெதிரே உட்கார்ந்தன. ஓர் ஆற்றின் இரு கரைகளில் நேருக்கு நேர் இருக்கும் இரண்டு நாட்டுத் தலைநகரங்கள் எவை என்பது கேள்வி. ஆப்பிரிக்காவில் அப்படி ஓர் ஆற்றோரத் துறைமுகம் என் லேபிளில் வரும். அதை வைத்துக் கின்ஷாசாவைப் பிடித்துவிட்டேன். மற்றது வரவில்லை. என் விரல் மணிமேல் தயங்கியது. அவள் தயங்கவில்லை.

"கின்ஷாசா, பிராஸவில். ஆறு காங்கோ" என்றாள், நிறுத்தி நிதானமாக.

அந்த ஒரு கேள்வியில் தோற்றேன். ஜெயித்தவர்கள் பெயரைப் படித்தபோது எல்லோருக்கும் முன்னால் கைதட்டியது நான்தான். அவள் மேடைக்குப் போகும் வழியில் என் நாற்காலி அருகே நின்றாள்.

"கோவமாடி?" என்றாள்.

"பிராஸவில் எந்தக் கரையிலட்டி இருக்கு?" என்று கேட்டேன்.

"வடக்கு. பஸ்ல படம் போட்டுக் காட்டறேன், இரு" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.