கடைசி வீட்டுப் பை

பேக்கரிப் பாண் விற்கிறவனுக்கு வாய் தேவையில்லை. ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கரே எல்லாம் பேசிக்கொள்ளும். எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்ட ரோட்டில் தினமும் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவன் நான். உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால், தூக்கத்திலும் அந்தப் பாட்டு ஓடுமே, அந்தக் கஷ்டத்தை நான் சொல்லத் தேவையில்லை.

அடுப்பு

யாரிடமும் பேச வேண்டாம் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். கொரோனாவில் ஸ்கூலை மூடினார்கள். சிக்னல் தேடி ரப்பர் மலைக்கு மேலே ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்து போனில் படித்தேன். படித்தேன் என்பது பொய், உட்கார்ந்திருந்தேன். திரும்ப ஸ்கூல் திறந்தபோது அத்தனை பேர் நடுவில் எனக்கு மூச்சு முட்டியது. கொஞ்ச நாள் போனேன், பிறகு நின்றுவிட்டேன். வீட்டில் சோம்பேறி என்றார்கள். சொல்லட்டும். வயது வந்ததும் ஆட்டோ லைசன் எடுத்தேன்.

பேக்கரியில் பாண் போடும் பாஸ் சிங்களவர். விடியும்போது அங்கே அவரும் நானும் மட்டும்தான். பாணை ஏற்றுவேன், போவேன். தம்பி என்பதற்கு அவர் மல்லி என்பார். ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: “மல்லி, என் அடுப்புகூட உன்னைவிட அதிகமாகப் பேசும்.”

பை

மேல் டிவிஷனில் வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகளில் கடைசி வீட்டுக் கதவில் ஒரு துணிப்பை தொங்கும். அதிலிருக்கும் காசை எடுத்துக்கொண்டு ஒரு பாணை வைத்துவிட்டு வர வேண்டும். ஊரடங்கில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் பை தொங்கியது, யாரும் யாரையும் தொடக்கூடாது என்று. மற்றவர்கள் எப்போதோ கழற்றிவிட்டார்கள். செல்வி அக்கா மட்டும் கழற்றவில்லை.

அக்காவின் புருஷன் அந்த நேரத்தில் ஆம்புலன்சில் ஏறிப் போனவர், திரும்பி வரவேயில்லை. அன்றைக்குப் பயந்து ஒதுங்கிய சனம் பிறகும் அந்த வாசலுக்குப் போகவில்லை. அக்காவும் வெளியே வருவதில்லை. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும்; துணிகூட ஜன்னல் வழியாகத்தான் போகும், வரும். பக்கத்து வீட்டு ராமையா அண்ணனிடம், “நீங்க போய் ஒரு வார்த்த கேக்கலாமே?” என்றேன். அவர் சொன்னது: “அவ வெளிய வந்தா நாங்க பேசமாட்டோமா தம்பி?”

பணிஸ்

சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். தினமும் ஆட்டோவை மறிப்பார். ஒரு பணிஸ் பன் வாங்குவார். அதைக் கையில் பிடித்தபடியே மழை, முழங்கால் வலி, கட்டாரிலிருக்கும் மகன் என்று பேசிக்கொண்டே போவார். பணிஸில் ஈ மொய்க்கும், கடிக்க மாட்டார். எனக்கோ பாண் ஆறிப்போகிறதே என்று எரிச்சல்.

அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒருநாள் நேராகவே கேட்டேன்: “நானா, ஒங்க கடையிலயே பணிஸ் இருக்கே, எதுக்கு என்கிட்ட வாங்குறீங்க?”

“கொரோனாவோட எல்லாரும் சாமான வாங்கிட்டு ஓடப் பழகிட்டாங்க. பணிஸ் இரிக்கி, மகன். பேச்சுத்தான் இல்ல.”

பாட்டு

போன மாசம் ஒரு காலை. செல்வி அக்காவின் பையில் முந்தின நாள் பாண் அப்படியே இருந்தது. எறும்பு ஏறியிருந்தது. தையல் மெஷின் சத்தமும் இல்லை. கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும், கை போகவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. ஆட்டோவை வாசலுக்கு நேராக நிறுத்தி, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன். நிறுத்தவேயில்லை.

ராமையா அண்ணன் பல் விளக்கிக்கொண்டே ஓடிவந்தார். “டேய், ஒனக்குப் பைத்தியமா?” லயமே திட்டிக்கொண்டு வந்து கூடியது. நான் பையைக் காட்டினேன். திட்டு நின்றது. அண்ணன் வாயில் நுரையோடு கதவைப் போட்டு அடித்தார். “ஏ செல்வி! செல்வி!”

கதவு திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு அக்கா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றார். காய்ச்சல் என்றதும் எல்லாருடைய காலும் ஒரு அடி பின்னால் போனது. பழக்கம். என் காலும்தான். அண்ணனின் சம்சாரம் மட்டும் முன்னால் போய் அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா அந்தக் கையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்: “மொதல்ல அந்தப் பாட்ட நிப்பாட்டுடா, மண்ட வெடிக்குது!”

பை இன்னும் தொங்குகிறது, ஆனால் பாட்டைத் திட்டுவதற்காகவாவது அக்கா இப்போது தினமும் கதவைத் திறப்பதால் சத்தத்தைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.