குளிர்ந்து போன ஓணான்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசும். எழுத எனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், மன்னித்துக்கொள்ளுங்கள். பார்த்ததைச் சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மாரெட்பள்ளியில் வெளிநாட்டுப் பிராணிகள் விற்கும் கடை ஒன்றில் பார்சல் கட்டும் வேலை எனக்கு. கடையை நடத்தும் பெண் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம்; அவள் தமிழில் இந்த ஊர் உருது கலந்து வரும். அதற்கு முன் ஹப்சிகுடாவில் ஓர் ஊறுகாய்க் கடையில் பதினோரு வருடம் பார்சல் கட்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் வெளியே வரக்கூடாது என்பதுதான் அங்கே நான் கற்ற ஒரே பாடம்.

அது ஜனவரி மாதம். குஷாய்குடாவிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகிப் போன குடும்பம், வீடு கிடைக்கும்வரை தங்கள் ஓணானை எங்களிடம் விட்டிருந்தது. முழங்கை நீளம், கழுத்தில் தாடிபோல் முள். அந்த வீட்டுச் சிறுமி தினமும் போனில் அதைப் பார்ப்பாள். வீடு கிடைத்ததும் அதை விமானத்தில் அனுப்ப, விடிகாலையில் தெர்மகோல் பெட்டியில் துணி சுற்றி வைத்து, மூடியின் உட்புறம் சூட்டுப் பொட்டலத்தை ஒட்டினேன். கையளவுத் துணிப்பை அது. உள்ளே இரும்புத் தூள். உறையைப் பிரித்ததும் தானாகச் சூடேறும். பெட்டியின் பக்கங்களில் துளைகள் இருந்தன. டெல்லிக் குளிர் இவ்வழியாகத்தானே நுழையும் என்று, மூச்சுக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் டேப் போட்டு அடைத்தேன். என் வேலையில் எனக்கே திருப்தி.

பதினொரு மணிக்குப் பெட்டி திரும்பி வந்தது. டெல்லியில் பனிமூட்டம், விமானம் ரத்து.

கடைக்காரப் பெண் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "கைக்கு அக்கா, எதுக்கு இவ்ளோ டேப்பு? ஓணான அனுப்புறோமா, ஆவக்காய அனுப்புறோமா?"

"குளிர் உள்ள போகக்கூடாதுன்னுதாம்மா..."

"இந்தப் பொட்டலம் காத்து பட்டாத்தான் சுடும். மூச்ச அடைச்சா அணைஞ்சிரும்."

திறந்தோம். பொட்டலம் சில்லென்று இருந்தது. ஓணான் கரிக்கட்டைபோல் கறுத்துக் கிடந்தது. தொட்டால் அசைவில்லை. அந்தச் சிறுமியின் முகம்தான் என் கண்முன் வந்தது.

"ஹீட்டர் பக்கத்துல வைக்கட்டுமா?" என்றேன்.

"நக்கோ, நக்கோ, வேணாம்! ஒரேயடியா சூடு காட்டினா தாங்காது. மொதல்ல உங்க கைல வெச்சுக்குங்க."

இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தினேன். கல்லின் குளிர்ச்சி. வெகுநேரத்துக்கு என் கைகள்தான் குளிர்ந்துகொண்டே போயின. பிறகுதான் புரிந்தது: என் சூடு எங்கோ போகவில்லை, அதற்குள் போய்க்கொண்டிருந்தது. தனக்கென்று சூடு இல்லாத உயிர், என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. இருபத்தைந்து வருடம் சமைத்துப் போட்டிருக்கிறேன். என் உடம்பையே ஓர் உயிர் அடுப்பாக்கிக்கொண்டது அன்றுதான்.

ஒரு விரல் அசைந்தது.

"ஹவ், ஆமா, உயிர் இருக்கு அக்கா, இருக்கு! மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க."

மொட்டைமாடியில் இதமான வெயில்; அவளும் பின்னாலேயே வந்தாள். தரையில் விட்டதும் ஒரு கண் மட்டும் திறந்தது. பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், சூரியன் இருக்கும் பக்கம் முதுகைச் சாய்த்து, விலாவை விரித்து, அப்பளம்போல் தட்டையானது. ஒரு துளி வெயிலையும் வீணாக்காத உடம்பு. மெல்லக் கருமை வடிந்து, முதுகில் வைக்கோல் நிறம் பரவியது. கறுத்தது சாவதற்கல்ல, கிடைக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளத்தான் என்றாள் அவள். எத்தனையோ கோடி மைல் தூரத்துச் சூரியனுக்கும் இந்தச் சின்ன முதுகுக்கும் நடுவில் வேறு எதுவுமே இல்லாததுபோல் தோன்றியது. நான் கைகூப்பினேன். அவள் பார்த்தாள், கேலி செய்யவில்லை.

மறுநாள் பனிமூட்டம் இல்லை. துளைகளை அடைக்காமல் காலை விமானத்தில் அனுப்பினோம். மதியம் வந்து சேர்ந்துவிட்டதாக டெல்லியிலிருந்து போன் வந்தது.